ஒரு கைதட்டலில் ஒரு கோவில்: கன்வல்யூஷன் ரிவெர்ப் தொடக்கப் பாடம்

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் ஊர்க்காரர்களுக்குச் சம்பா கோவில். பூசை இல்லாத மதிய வேளையில் உள்ளே யாராவது பெஞ்சை நகர்த்தினால், அந்தச் சத்தம் உடனே நிற்பதில்லை. மேலே போய், சுவரில் பட்டு, திரும்பி வந்து, தேய்ந்து தேய்ந்துதான் ஓய்கிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். ஒலிப்பதிவு செய்பவர்கள் வாயில் அது ரிவெர்ப்.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் ஜமக்காளமும் மெத்தையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்திப் பாட்டைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவில் இந்த முழக்கம் துளியும் இருக்காது. அதுதான் நல்லதும்கூட, ஏனென்றால் பதிவில் ஏறிவிட்ட முழக்கத்தைக் கழற்றுவது பெரும்பாடு, இல்லாததைச் சேர்ப்பது சுலபம். சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணக்குப் போட்டு ஒரு கற்பனை அறையை உருவாக்கும் சாதாரண ரிவெர்ப் பிளகின் (பதிவு மென்பொருளுக்குள் செருகும் துணை மென்பொருள்). இதை அல்காரிதமிக் ரிவெர்ப் என்பார்கள். இன்னொன்று, உண்மையிலேயே ஓர் இடத்துக்குப் போய் அந்த இடத்தின் முழக்கத்தைப் பதிவு செய்துகொண்டு வந்து, நம் குரலின் மேல் ஏற்றுவது. இந்த இரண்டாவதுதான் கன்வல்யூஷன் ரிவெர்ப். கொண்டுவரும் அந்தச் சிறு ஒலிக்கோப்பின் பெயர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர்.

ஐஆர் கோப்பைத் திறந்து கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு 'ஷ்ஷ்ஷ்' என்று தேய்கிற ஒரு வால், அவ்வளவுதான். இதற்குள் எப்படி ஒரு கோவில் அடங்கும் என்று தோன்றும். அடங்குகிறது. எப்படி என்று புரிந்துகொண்டால் பிளகினில் உள்ள பாதிப் பொத்தான்கள் தாமே விளங்கிவிடும்.

நான்கு எண்களில் ஓர் அறை

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒரு நொடிக்கு 48,000 எண்கள். ஒவ்வோர் எண்ணையும் மிக மிகச் சிறிய ஒரு கைதட்டலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைதட்டலுக்கு அந்த அறை என்ன பதில் சொல்லும் என்று தெரிந்துவிட்டால், வரிசையாக வரும் 48,000 கைதட்டல்களுக்கும் அது என்ன சொல்லும் என்று கூட்டிப் பார்த்துவிடலாம்.

காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். குரலில் இரண்டே எண்கள்: 1, 0.5. அறையின் ஐஆரில் நான்கு எண்கள்: 1, 0, 0.6, 0.3. அதாவது ஒரு தட்டலுக்கு நேராக வரும் சத்தம் 1; அடுத்த கணம் அமைதி; அதற்கடுத்து சுவரில் பட்டு 0.6 அளவில் ஒரு பதில், பின் 0.3 அளவில் இன்னொன்று.

குரலின் முதல் எண் 1. அதற்கு அறை சொல்லும் பதில் 1, 0, 0.6, 0.3. இரண்டாவது எண் 0.5, பாதி வலு, ஒரு கணம் தாமதம். அதற்கான பதில் ஒரு கட்டம் தள்ளி 0.5, 0, 0.3, 0.15. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தள்ளி வைத்தபடியே கூட்டினால் 1, 0.5, 0.6, 0.6, 0.15. நான்காவது இடத்தைப் பாருங்கள்: முதல் எண்ணின் வாலும் இரண்டாவது எண்ணின் எதிரொலியும் அங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறி 0.6 ஆகிவிட்டன. முழக்கம் என்பது இந்த ஏறிக்கொள்ளுதல்தான். கன்வல்யூஷன் என்ற பயமுறுத்தும் பெயருக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கூட்டல்தான்.

கணக்கு எளிது, ஆனால் மூட்டை பெரிது. 3 நொடி நீளமுள்ள ஐஆரில் 1,44,000 எண்கள். குரலின் ஒவ்வோர் எண்ணுக்கும் அத்தனை பெருக்கல்கள், நொடிக்கு 48,000 தடவை. ஒரு சேனலுக்கு மட்டும் நொடிக்கு 691 கோடிக்கு மேல் பெருக்கல் வரும். நேரடியாக இப்படிச் செய்ய எந்தப் பிளகினும் துணிவதில்லை. ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து (ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்ற முறை) அங்கே பெருக்கிவிட்டுத் திரும்ப ஒலியாக்கினால் வேலை பல மடங்கு குறையும். ஆனால் அதற்கு ஒரு கட்டு எண்கள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் தாமதம் வரும். ஐஆரின் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும் வாலைப் பெரிய துண்டுகளாகவும் வெட்டிக் கணக்குப் போட்டால் தாமதமே இல்லாமல் முடிக்கலாம் என்று வில்லியம் கார்ட்னர் என்ற ஆய்வாளர் 1995இல் எழுதினார். 1999இல் சோனி டிஆர்இ-எஸ்777 என்ற பெட்டியில் கன்வல்யூஷன் ரிவெர்ப் ஸ்டுடியோக்களுக்கு வந்தது. இன்று சாதாரண மடிக்கணினியே போதும். பாட்டுப் பதிவு மென்பொருள்களில் பார்த்தால், லாஜிக்கில் ஸ்பேஸ் டிசைனர், ரீப்பரில் ரியாவெர்ப், கியூபேஸில் ரெவரென்ஸ், எஃப்எல் ஸ்டுடியோவில் ஃப்ரூட்டி கன்வால்வர் என்று மென்பொருளோடே வந்துவிடுகிறது. இவை இல்லாதவர்களுக்கு மெல்டா புரொடக்ஷனின் எம்கன்வல்யூஷன்ஈஇசட் இலவசம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. மாறாத, நேர்கோட்டில் நடக்கும் பதிலை மட்டுமே ஐஆர் பிடிக்கும். உள்ளே போகும் சத்தம் இரட்டிப்பானால் வெளியே வருவதும் சரியாக இரட்டிப்பாக வேண்டும். நேற்றைய பதிலும் இன்றைய பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கோவில் மண்டபம் அப்படித்தான். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரெஸரும், ஒரு குரலைப் பல குரல் போல அசைத்துக் காட்டும் கோரஸும் அப்படியல்ல, ஆகவே அவற்றை ஐஆராக எடுக்க முடியாது. தெருவிழாவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரின் மூக்கடைத்த குரலை ஐஆர் அப்படியே பிடித்துவிடும். ஆம்பிளிஃபயரை முழுதாகத் திருகியதும் வருகிற கரகரப்பு மட்டும் அதில் ஏறாது. அதற்கு முன்னால் தனியாக ஒரு டிஸ்டார்ஷன் பிளகின் போட வேண்டும்.

பாட்டில் போடுவது

குரல் டிராக்கின் மேலேயே நேராகப் பிளகினைப் போடாதீர்கள். தனியாக ஒரு பஸ் (பல டிராக்குகளின் ஒலி வந்து சேரும் பாதை) அல்லது டிராக் திறந்து, ரிவெர்ப் என்று பெயர் வைத்து, அதில் பிளகினைப் போடுங்கள். டிரை (மூல ஒலி) முழுக்க மூடி இருக்கட்டும், வெட் (முழக்கம்) மட்டும் திறந்திருக்கட்டும். குரல் டிராக்கில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் பின்னாலிருந்து செண்ட், அதாவது ஒலியின் ஒரு நகல், இந்தப் பஸ்ஸுக்கு அனுப்புங்கள். அப்போதுதான் குரலைக் குறைக்கும்போது அதன் முழக்கமும் கூடவே குறையும். புல்லாங்குழல், வயலின் எல்லாம் இதே பஸ்ஸுக்கு வெவ்வேறு அளவில் வரலாம். எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசிப்பது போல இருக்கும், கணினிக்கும் ஒரே கணக்கு. ரியாவெர்ப்பில் ஆட் பொத்தானை அழுத்தி ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்து ஐஆரைக் காட்டினால் ஏறிவிடும். வெட் ஸ்லைடரை முதலில் மைனஸ் 18 டெசிபல் அளவில் வையுங்கள். ஆயிரக்கணக்கான பதில்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் வெளியே வரும் சத்தம் எதிர்பாராத அளவு பெரிதாக இருக்கலாம். ஹெட்ஃபோனோடு இருப்பவர்கள் காதுக்கு இது நல்ல பழக்கம்.

ஐஆரைத் தேர்ந்தெடுக்கும்போது இடத்தின் பெயரில் மயங்காமல் முதலில் நேரத்தைப் பாருங்கள். முழக்கம் 60 டெசிபல் தேய எடுக்கும் நேரத்தை ஆர்டி60 என்பார்கள். கர்நாடக இசையில் இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 80 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்துக்கு 187 மில்லிசெகண்ட். ஆர்டி60 4 நொடி என்றால் முழக்கம் நொடிக்கு 15 டெசிபல் தேயும். ஆக அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தியதன் முழக்கம் 3 டெசிபல்கூடக் குறைந்திருக்காது. ரியும் கவும் மவும் ஒரே குழம்பு. ஆர்டி60 1.2 நொடி என்றால் அதே இடைவெளியில் 9 டெசிபலுக்கு மேல் இறங்கிவிடும். ஸ்வரங்கள் பிரிந்து கேட்கும். நிதானமான ஆலாபனைக்கும் தேவாலயக் கூட்டுப்பாட்டுக்கும் 3, 4 நொடி அழகு. கல்பனாஸ்வரத்துக்கு அது வேண்டாம். பெரிய இடத்தின் ஐஆர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பிளகினில் உள்ள டீகே அல்லது என்வலப்பைக் கொண்டு வாலைச் சீக்கிரம் அடக்கலாம். ஸ்ட்ரெச் பொத்தானால் சுருக்கினால் பல பிளகின்களில் முழக்கத்தின் நிறமே மாறிவிடும்.

அடுத்தது ப்ரீ-டிலே. குரலுக்கும் முழக்கத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி இது. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 10 மில்லிசெகண்ட் என்பது 3.5 மீட்டர் கூடுதல் பயணம். குரலுக்கு 20 முதல் 40 மில்லிசெகண்ட் வைத்தால் சொல் முதலில் காதில் விழுந்துவிடும், முழக்கம் பின்னால் வரும். தமிழில் வல்லெழுத்துகள் சொல்லைத் தாங்குகின்றன; 'கற்று', 'பட்டு', 'எட்டு' போன்ற சொற்களில் அந்த இரட்டிப்பு மழுங்கினால் பாட்டு புரியாது. ப்ரீ-டிலேயின் வேலை அதைக் காப்பாற்றுவது.

பிறகு ஈக்யூ, அதாவது அடிச்சுருதியையும் மேல் சுருதியையும் கூட்டிக் குறைப்பது. பிளகினுக்கு முன்னாலேயே 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி, தவிலின் தடித்த பக்கம் இரண்டும் கல் மண்டப ஐஆருக்குள் போனால் 'கும்' என்று அடியில் ஒரு சேறு தேங்கும். மேலே 7, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மென்மையாக இறக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு 'ஸ'வுக்கும் 'ஷ'வுக்கும் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு தெறிப்பு வரும். தம்புராவையும் சுருதிப் பெட்டியையும் அனுப்பவே வேண்டாம். அவை நிற்பதே இல்லை, அதனால் அவற்றின் முழக்கம் தனியாகக் கேட்கப்போவதும் இல்லை; மூடுபனி போலப் படிந்து மற்றதை மறைப்பது மட்டுமே மிச்சம்.

அளவு எவ்வளவு என்று கேட்டால்: செண்டை மெதுவாக ஏற்றுங்கள், முழக்கம் தெளிவாகக் காதில் விழும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 3, 4 டெசிபல் இறக்குங்கள். முழுப் பாட்டோடு கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், குரலைத் தனியாகக் கேட்டு அல்ல. கேட்பவர்களில் பாதிப் பேர் கைபேசியில்தான் கேட்பார்கள் என்பதால் அதிலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

சொந்தமாக ஐஆர் எடுப்பது

இணையத்தில் இலவச ஐஆர்கள் கொட்டிக் கிடக்கின்றன. யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் நூலகத்தில் ஐரோப்பிய தேவாலயங்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிமம் தனித்தனி. விற்கும் பாட்டில் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள். ஆனால் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோவில் பிரகாரத்தின் ஐஆரை நாமே எடுத்தால்தான் உண்டு.

வேகமான வழி பலூன். நன்றாக ஊதிய பலூனை ஊசியால் குத்தி வெடிக்க, கைப்பதிவுக் கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். பலூனுக்குப் பலூன் வெடிப்பு மாறும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவாது, அடிச்சுருதியில் வலு குறைவு. இருந்தாலும் மூன்று நான்கு எடுத்து நல்லதைப் பொறுக்கினால் டப்பிங் வேலைக்குத் தாராளமாகப் போதும். வெறும் கைதட்டல் இன்னும் பலவீனம். பட்டாசு வேண்டாம், மைக் உச்சத்தில் உடையும், கோவிலில் அனுமதியும் கிடைக்காது.

தரமான வழி ஸ்வீப். 20 ஹெர்ட்ஸில் அடிவயிற்று உறுமலாகத் தொடங்கி 20 கிலோஹெர்ட்ஸில் கொசு இரைச்சலாக முடியும் ஒரு நீண்ட சீழ்க்கை. ஒரு ஸ்பீக்கரில் அதை ஒலிக்கவிட்டு, மைக்கில் பதிவு செய்து, பிறகு பதிவிலிருந்து அந்தச் சீழ்க்கையைக் கணக்கால் கழித்துவிட்டால் மிஞ்சுவது அறை மட்டும். வெடிப்பில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் போடும் வலுவை இங்கே இருபது நொடிக்குப் பரப்பிப் போடுகிறோம். தெரு இரைச்சலுக்கு மேலே ஐஆர் நன்றாக எழுந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். ஸ்பீக்கரின் கரகரப்பும் இதில் தனியாகப் பிரிந்து ஐஆருக்கு முன்னால் சின்னச் சின்னத் துடிப்புகளாக வந்து நிற்கும், வெட்டி எறிந்துவிடலாம். ஒலியியல் ஆய்வாளர் ஆஞ்செலோ ஃபரீனா 2000இல் காட்டிய வழி இது.

மென்பொருள் ரூம் ஈக்யூ விசார்டு, இலவசம். மடிக்கணினி, மைக்கையும் ஸ்பீக்கரையும் அதோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஐந்து அங்குலமோ எட்டு அங்குலமோ உள்ள ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், எல்லாப் பக்கத்து ஒலியையும் பிடிக்கும் ஓம்னி மைக் ஒன்று அல்லது ஒரே மாதிரி இரண்டு. ஸ்வீப் நீளத்தை 1எம் (ஏறக்குறைய பத்து லட்சம் எண்கள்) என்று வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 22 நொடி. மைக்கின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். அளந்து முடித்ததும் எக்ஸ்போர்ட் பட்டியலில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை வேவ் கோப்பாக, 24 பிட் அல்லது 32 பிட் ஃப்ளோட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்வீப்பை ஒலிக்கவிடுவதும் பதிவு செய்வதும் ஒரே இன்டர்ஃபேஸாக இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் உயிர்நாடி. கைபேசியில் ஒலிக்கவிட்டு, தனிக் கருவியில் பதிவு செய்தால் இரண்டின் கடிகாரங்களும் நூலிழை வித்தியாசத்தில் ஓடும். இருபது நொடியில் அந்த நூலிழை சேர்ந்து, ஐஆரின் கூர்மையான தொடக்கம் மேல் சுருதிகளில் இழுபட்டுப்போகும். 'டப்' என்று வர வேண்டியது 'ட்ச்யூ' என்று வரும். ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் இதே வியாதி, கூடவே அதற்குள் உட்கார்ந்திருக்கும் கம்ப்ரெஸர் வேறு. கைபேசி மைக்கில் பதிவு செய்வதானால், சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்காமல் தொடங்காதீர்கள். இரைச்சல் நீக்கிக்கு முழக்கத்தின் வாலும் இரைச்சல்தான், வெட்டிவிடும்.

மைக்கும் ஸ்பீக்கரும் எங்கே? ஸ்பீக்கரைப் பாடுபவர் நிற்கும் இடத்தில், மைக்கைக் கேட்பவர் உட்காரும் இடத்தில். 5 முதல் 8 மீட்டர் தூரம் பாட்டு வேலைக்கு நன்றாக வரும். இரண்டு ஓம்னி மைக் வைத்தால் 40 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஸ்பீக்கரை இடப்பக்கம் வைத்து ஒன்று, வலப்பக்கம் வைத்து ஒன்று என்று இரண்டு தடவை எடுத்தால் நான்கு சேனல் ட்ரூ ஸ்டீரியோ ஐஆர் கிடைக்கும். வெறும் இரண்டு சேனல் ஐஆரில் இடது உள்ளீடு இடது வெளியீட்டுக்கு மட்டுமே போகும். வயலினை இடப்பக்கம் தள்ளினால் அதன் முழக்கமும் இடப்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கூடமும் அப்படி நடந்துகொள்ளாது.

மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் ஒரு காரணம். இன்னொன்று, காற்று நகர்ந்துகொண்டிருந்தால் ஒலியின் பாதை ஸ்வீப் ஓடும்போதே மாறுகிறது. மாறாத அறை என்ற அடிப்படையே போய்விடும். இதனால்தான் நான்கு சின்ன ஸ்வீப் எடுத்துச் சராசரி பார்ப்பதைவிட ஒரே நீள ஸ்வீப் மேல். மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் குறையும். தேவாலயமென்றால் பங்குத்தந்தையிடம், கோவிலென்றால் நிர்வாகத்திடம் முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். 22 நொடி சைரன் மாதிரி ஒலிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கல் மண்டபங்களில் வௌவால்கள் உண்டு. ஸ்வீப்பின் கடைசி நொடிகள் அவற்றுக்குப் பிடிக்காது, பிறகு பதிவில் இருப்பது முழக்கமா சிறகடிப்பா என்று நீங்கள்தான் தேட வேண்டிவரும்.

ஆள் இருக்கும்போது எடுப்பதா, இல்லாதபோதா? சாபின் சூத்திரம் இதற்குப் பதில் சொல்கிறது: முழக்க நேரம் = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். கணக்குக்காக 30 மீட்டர் நீளம், 15 அகலம், 12 உயரமுள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 5,400 கன மீட்டர், உள் பரப்பு 1,980 சதுர மீட்டர். வழவழப்பான பூச்சு விழுகிற ஒலியில் 5 சதவீதத்தை உறிஞ்சுவதாக வைத்தால் மொத்த உறிஞ்சல் 99. முழக்கம் 8.8 நொடி. அதே கூடத்தில் 300 பேர் வந்து அமர்ந்து, ஆளுக்கு 0.45 உறிஞ்சினால் மொத்தம் 234 ஆகும், முழக்கம் 3.7 நொடிக்கு இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் சேலையும் சட்டையும் செய்யும் வேலை இது. காலிக் கூடத்தில் எடுத்த ஐஆர் எப்போதும் நினைவில் இருப்பதைவிட நீளமாகவே வரும். அதைப் பிளகினில் அடக்கிக்கொள்ளலாம். துமா வீதியில் உள்ள கப்ஸ் கோவிலின் உட்சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சேர்த்திருப்பதாகச் சொல்வார்கள். பளிங்கு மாதிரி வழவழப்பாகத் தேய்த்த அப்படிப்பட்ட சுவர் மேல் சுருதியையும் கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பி அனுப்பும், சொரசொரப்பான செங்கல் சுவர் அப்படிச் செய்யாது.

வீட்டுக்கு வந்ததும் கோப்பைத் திறந்து, தொடக்கத்தின் வெற்று அமைதியை வெட்டுங்கள். வால் தேய்ந்து பின்னணி இரைச்சலோடு கலக்கும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்து மெல்ல ஃபேட் கொடுத்து (சத்தத்தைப் படிப்படியாக இறக்கி) முடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் பாடகர் வாய் திறக்கும்போதெல்லாம் பின்னால் 'ஷ்ஷ்' என்று மிஷன் வீதிப் போக்குவரத்தும் சேர்ந்து பாடும்.

எங்கே கெடுகிறது

குரல் உள்ளே வெற்றாக இருப்பது மாதிரி, தகரக் குழாய்க்குள் பாடுவது மாதிரி ஆகிவிட்டதா? பெரும்பாலும் ஐஆரின் முதல் 'டப்' காரணம். அது நேராக வந்த ஒலியின் நகல். குரல் டிராக்கில் ஏற்கனவே அந்த நேர்ஒலி இருக்கிறது. இரண்டும் 1 மில்லிசெகண்ட் விலகி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். செண்டில் போடும் ஐஆரில் அந்த முதல் துடிப்பை வெட்டிவிடுங்கள், அல்லது பிளகினில் டைரக்ட் என்ற பொத்தான் இருந்தால் அணையுங்கள்.

முழக்கம் வழக்கத்தைவிடக் குட்டையாக, கொஞ்சம் கீச்சென்று கேட்டால் சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை எண்கள் என்பதைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்த ஐஆரை 48 கிலோஹெர்ட்ஸ் பாட்டில் மாற்றாமல் ஏற்றினால் 3 நொடி முழக்கம் 2.76 நொடியாகச் சுருங்கும். கூடத்தின் நிறமும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே ஏறும். பல பிளகின்கள் தாமே மாற்றிக்கொள்கின்றன, எல்லாம் அல்ல. சந்தேகமிருந்தால் ஒரே ஒரு சாம்பிள் நீளமுள்ள கிளிக்கைப் பஸ்ஸுக்கு அனுப்புங்கள். வெளியே வருவது ஐஆர் கோப்பு அப்படியே இருக்க வேண்டும். நீளத்தை அளந்து பார்த்துவிடலாம்.

பாடும்போதே ஹெட்ஃபோனில் ரிவெர்ப் வேண்டும் என்கிறவருக்கு கன்வல்யூஷன் தாமதமாக வந்து உதைத்தால், பிளகினின் ஜீரோ லேட்டன்ஸி (தாமதமில்லா) வசதியைப் போடுங்கள், அல்லது பதிவு நேரத்துக்கு மட்டும் சாதாரண ரிவெர்ப் வையுங்கள். பாடுபவருக்கு அது போதும்.

குறும்படக்காரர்களுக்கு இதன் பயன் வேறு. பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருவில் உயர்ந்த கூரையுள்ள பழைய வீட்டில் எடுத்த காட்சிக்கு, பின்னால் துணி அலமாரி முன் உட்கார்ந்து டப்பிங் பேசினால் இரண்டும் ஒட்டாது. படப்பிடிப்பு முடிந்த கையோடு, நடிகர் நின்ற இடத்தில் ஒரு பலூன் வெடித்து, பூம் மைக் இருந்த இடத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டில் அந்த ஐஆரை டப்பிங் டிராக்கின் மேல் நேராகவே போடலாம். இங்கே முதல் 'டப்'பை வெட்ட வேண்டாம், டிரை வேண்டாம். மைக்கிலிருந்து தள்ளி நின்று பேசிய தொனி அதிலேயே இருக்கிறது. கடற்கரைச் சாலைக் காட்சிக்கு மட்டும் இந்த வழி உதவாது: திருப்பி அனுப்பச் சுவர் குறைவு, பதிவில் விழுவது அலையோசை. அங்கே வேண்டியது ஐஆர் அல்ல, இரண்டு நிமிட வெற்றுச் சூழல் ஒலி.

விளையாட்டாகவும் செய்து பார்க்கலாம். பித்தளைக் குடத்துக்குள் சின்ன ஸ்பீக்கரையும் மைக்கையும் இறக்கி ஸ்வீப் ஓட்டினால் கால் நொடிகூட நீளாத, ஆனால் குடத்தின் சுருதியோடு கூடிய ஓர் ஐஆர் கிடைக்கும். கஞ்சிராவை அதற்குள் அனுப்பிப் பாருங்கள். கடலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் உறைக்கிணறு இருந்தால் அதன் வாயில் ஒரு பலூன். மேகத்துக்குக் கீழே திறந்திருப்பதால் வால் சீக்கிரம் முடிந்தாலும், சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பும் அந்த 'ட்ர்ர்' வேறெங்கும் கிடைக்காது.

எடுத்த கோப்புக்கு 'ஐஆர் புதுசு 2' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். இடம், ஸ்பீக்கர் முதல் மைக் வரை எத்தனை மீட்டர், மைக் வகை, எத்தனை சேனல், சாம்பிள் ரேட், ஆள் இருந்தார்களா இல்லையா: சம்பாகோவில்-7மீ-ஓம்னி-ஸ்டீரியோ-48-காலி. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் பெயரிலேயே எழுதி வையுங்கள்.